கேக் தட்டு ஏன் ஒழுகுகிறது?

அடியில் ஒரு வட்டத் தகடு. அதைச் சுற்றித் தனியே கழற்றக்கூடிய ஒரு வளையம். இப்படி இரண்டு துண்டுகளாலான கேக் தட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். வெந்த கேக்கைக் கவிழ்க்காமல், சிதையாமல் வெளியே எடுக்க இது மிக வசதியானது. ஆனால் இதில் ஒரு தொல்லையும் உண்டு. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், பீளமேட்டில் எங்கள் வீட்டில் என் மகள் இத்தகைய தட்டில் மாவை ஊற்றி மின் அடுப்பினுள் வைத்தாள். சற்று நேரத்தில் ஒரே புகை! மாவின் ஒரு பகுதி இடுக்கு வழியே ஒழுகி, அடுப்பின் அடியில் கருகிக்கொண்டிருந்தது.

எங்கள் அடுத்த வீட்டுக்காரர் பவுண்டரியில் அச்சு கட்டுபவர். தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது எங்க மோல்டிங் பெட்டியாட்டவே இருக்குதுங்க. சந்துல களிமண் பூசாம ஊத்துனா ஒழுகத்தானுங்க செய்யும்" என்றார். அவர் கூறியதில் நல்ல பௌதிகம் அடங்கியிருக்கிறது. அது என்னவென்று பார்ப்போம்.

ஓர் இடுக்கின் வழியே திரவம் எவ்வளவு விரைவாக ஒழுகும் என்பதை முக்கியமாக மூன்று தீர்மானிக்கின்றன. முதலாவது அழுத்தம். மாவு 5 செ.மீ. உயரம் நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பிலும் சுமார் 5 கிராம் எடை அழுத்துகிறது. இது சிறிய அழுத்தமே. இரண்டாவது பாகுநிலை. தேன் மெதுவாகவும் தண்ணீர் விரைவாகவும் ஓடுவது இதனால்தான். பாகுநிலை இருமடங்கானால் ஒழுக்கு பாதியாகும்.

மூன்றாவதுதான் வியப்பானது: இடுக்கின் அகலம். 1840ஆம் ஆண்டையொட்டி, புவாசேய் என்ற பிரெஞ்சு மருத்துவர் மெல்லிய குழாய்களில் திரவம் பாய்வதை நுட்பமாக அளந்தார். குழாயில் பாயும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தட்டையான இடுக்கிலோ, அது அகலத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. அதாவது, இடுக்கை அடியோடு அடைக்க முடியாவிட்டாலும் பாதியாகக் குறைத்தாலே போதும்; ஒழுக்கு எட்டில் ஒரு பங்காகிவிடும். மூன்றில் ஒன்றாக்கினால் 27இல் ஒரு பங்குதான்!

சரி, மேசைமேல் இருந்தபோது ஒழுகாத மாவு அடுப்பினுள் போனதும் ஒழுகியதேன்? சூடேறும்போது வெண்ணெய் உருகுகிறது. மாவின் பாகுநிலை குறைகிறது. பிறகுதான் மாவுப்பொருளும் முட்டையின் புரதமும் இறுகி, மாவு கெட்டிப்படுகிறது. இளகுவதற்கும் இறுகுவதற்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களே ஆபத்தானவை.

இங்கே நம் வீட்டுத் துணி இட்லியை நினைத்துப் பாருங்கள். இட்லித் தட்டில் எத்தனை துளைகள்! ஆனாலும் மாவு கீழே கொட்டுவதில்லை. ஈரத்துணியின் இழைகள் பெரிய துளையை மிக நுண்ணிய பல துளைகளாகப் பிரித்துவிடுகின்றன. மேலும், கீழிருந்து வரும் நீராவி துணியில் பட்டுக் குளிர்ந்து நீராகும்போது, கிராமுக்கு சுமார் 540 கலோரி உள்ளுறை வெப்பத்தைத் தருகிறது. ஆகவே துணியை ஒட்டிய மாவு விரைவில் வெந்து, தானே ஒரு மூடியாகிவிடுகிறது. மின் அடுப்பின் உலர்ந்த காற்று இவ்வளவு விரைவாக வெப்பத்தைத் தருவதில்லை.

இனி, கேக் தட்டுக்கு என்ன செய்யலாம்? விளிம்பில் ஒட்டியுள்ள பழைய துணுக்குகளை முதலில் துடைத்தெடுங்கள். ஒரு சிறு துணுக்கும் இடுக்கை அகலமாக்கும். அடித்தகட்டைவிடச் சற்றுப் பெரிதாக எண்ணெய்த்தாளை வெட்டி, ஓரம் சுவரில் ஏறி நிற்கும்படி விரியுங்கள். வெண்ணெயும் மைதாவும் குழைத்த பசையை மூட்டில் தடவலாம். வெளிப்புறம் அலுமினியத் தாளைச் சுற்றலாம். கீழே ஒரு தட்டும் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றிச் சோதிப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: தண்ணீர் ஒழுகாவிட்டால் மாவும் ஒழுகாது, தண்ணீர் ஒழுகினாலோ மாவும் ஒழுகியே தீரும் என்பதில்லை.

பவுண்டரிக்கு வருவோம். 1930களில் பைக்காரா மின்சாரம் கிடைத்தபின் கோவையில் ஆலைகளும் பம்புத் தொழிலும் வளர்ந்தன. பம்பின் உடல் வார்ப்பிரும்பு. மணல் அச்சின் மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் சேரும் இடமே அங்குள்ள இடுக்கு. உருகிய இரும்பு தண்ணீரைப் போல் சுமார் ஏழு மடங்கு அடர்த்தியுள்ளது, 20 செ.மீ. உயரம் நின்றால் சதுர செ.மீ.க்கு 140 கிராம் அழுத்தம்! பாகுநிலையோ குறைவு. அந்த அழுத்தம் மேல்பெட்டியைத் தூக்கி இடுக்கைப் பெரிதாக்கவும் பார்க்கும். ஆகவேதான் மூட்டில் களிமண் பூசி, பெட்டியின்மேல் பாரமும் ஏற்றுகிறார்கள். 1,300 பாகை செல்சியசுக்கு மேல் சூடான உருகிய இரும்பு ஒழுகினால் காலைச் சுட்டுவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

நம் வீட்டில் வீணானது ஒரு கரண்டி மாவுதான். அடுத்த ஞாயிறன்று மூட்டில் பசை தடவி மகள் மீண்டும் கேக் செய்தாள். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. முதல் துண்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று.