வெட்டினால் பூக்கும், பெயர்த்தால் பிழைக்கும்: செம்பருத்தியின் ரகசியம் தெரியுமா?

லூமுட் பக்கம் வேலியோரம் ஒரு செம்பருத்தி இல்லாத தமிழர் வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம்! மாசி மகத்துக்குப் படகேறிப் பங்கோர் பத்திரகாளியம்மனைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காளிக்கு உகந்த பூ அது.

1960-ல் மல்லிகை, தாமரை, ரோஜா எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு மலேசியாவின் தேசிய மலரானது செம்பருத்தி. அதன் ஐந்து இதழ்களும் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் ருக்குன் நெகாரா பிறந்ததே 1970-ல்! பூ முந்தி, பொருள் பிந்தி!

இன்னொன்று தெரியுமா? வீட்டுச் செம்பருத்தி விதை வைப்பது அபூர்வம். யாரோ ஒரு குச்சி ஒடித்துக் கொடுத்தார்கள், நட்டோம், வளர்ந்தது. ஆக, உங்கள் வாசலில் நிற்பது அந்த வீட்டுச் செடியின் பிள்ளை அல்ல. அதே செடிதான்!

சரி, கூரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது, பூவெல்லாம் கைக்கு எட்டாத உச்சியில். ஏன்? செம்பருத்தி புதுத் தளிரில் மட்டுமே மொட்டு வைக்கும். நுனிக்கொழுந்து ‘ஆக்சின்’ என்ற ஹார்மோனைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது பக்க மொட்டுகளைத் தூங்க வைத்துவிடும். நுனியை வெட்டுங்கள், தூங்கியவை விழித்துக்கொள்ளும்! ஒரு கிளை இருந்த இடத்தில் மூன்று நான்கு கிளை. ‘பூக்கிற செடியில் கத்தி வைக்காதே’ என்று தடுப்பவர்களால்தான் பாதித் தோட்டங்களில் பூ குறைவு என்பேன்.

இடம் மாற்றுவதுதான் பெரிய கண்டம். தண்ணீரை உறிஞ்சுவது தடித்த வேர் அல்ல, சல்லிவேர் நுனியில் இருக்கும் மயிரிழைத் தூவிகள். தோண்டும்போது அவற்றில் பெரும்பகுதி பழைய குழியிலேயே தங்கிவிடும்! மேலே இலைகளோ நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. அதனால்தான் வேர் போன அளவுக்குக் கிளையும் போக வேண்டும்.

இதைப் பேராக் தோட்டங்கள் எப்போதோ செய்து காட்டிவிட்டன. 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகள் வெறும் 22. அவற்றில் 9 கோலகங்சாருக்கு வந்தன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது! பிறகு ஏக்கர் கணக்கில் நட்டபோது கையாண்ட முறைகளில் ஒன்றைக் கேளுங்கள்: நாற்றங்காலில் வளர்ந்த கன்றைப் பிடுங்கி, தண்டையும் ஆணிவேரையும் நறுக்கி, இலையே இல்லாத மொட்டைக் கட்டையாக நடுவது. அந்தக் கட்டைதான் தளிர்த்துப் பால்மரக் காடானது! நட்ட கைகளில் நம் பாட்டன் பாட்டிகளின் கைகள் எத்தனை!

ஜப்பானில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 1996-ல் 130 வயது விஸ்டீரியா பூங்கொடி ஒன்றை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி அஷிகாகா மலர்ப்பூங்காவுக்குக் கொண்டுபோனார் மர மருத்துவர் சுகாமோட்டோ கொனாமி. கயிறு கட்டித் தூக்கினால் தண்டு நசுங்கும் என்று, முறிந்த எலும்புக்குப் போடுவதுபோல மாவுக்கட்டு போட்டுத் தூக்கினார்! முன் ஏற்பாட்டுக்கே இரண்டு வருடம். அன்று 72 சதுர மீட்டராக இருந்த பந்தல் இன்று ஆயிரத்தையும் தாண்டிவிட்டது.

ஈப்போவின் அடையாளமான காகிதப்பூ மட்டும் வேறு ஜாதி. அதன் வேர் மெல்லியது, மண் உதிர்ந்தாலே கோபித்துக்கொள்ளும். அதைப் பெயர்க்காமல் குச்சி வெட்டிப் புதிதாக நடுவதே புத்திசாலித்தனம்.

செம்பருத்தியைப் பெயர்க்க நினைப்பவர்கள் அக்டோபர், நவம்பர் மழைக்குக் காத்திருங்கள். ஒரு மாதம் முன்பே செடியைச் சுற்றி மண்வெட்டியை இறக்கி வேரை வட்டமாக அறுத்து விடுங்கள். உள்ளேயே புதுச் சல்லிவேர் விடும். பெயர்க்கும் நாளில் பாதி உயரத்துக்குக் கவாத்து செய்து, தாய்மண் உதிராமல் சாக்கில் கட்டி எடுத்து, சாயங்காலமாக நடுங்கள். லூமுட் கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது, மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். இலை கொட்டினால் பதறிப்போய் உரம் போடாதீர்கள். தளிர் வந்த பிறகு போடலாம்.