நடுக்கடலில் நோய் வந்தால்...

“ஐயா, மகனுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. நடுக்கடலில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் அவனை யார் பார்ப்பார்கள்?”

என்னிடம் படித்த மாணவனின் தாயார் கேட்ட கேள்வி இது. தலைவலி என்றால் தோட்டத்து டிரஸரிடம் ஓடிப் பழகியவர் அவர். கரையே தெரியாத கடலில் டிரஸருக்கு எங்கே போவது? கவலை நியாயமானதே. பதில் தேடி நான் அறிந்தவற்றை மற்றப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

1798-இல் அமெரிக்கா கப்பல் தொழிலாளரின் வைத்தியத்திற்கு ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அதற்குப் பணம் கொடுத்தவர் தொழிலாளியேதான்! மாதம் 20 சென்ட் அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்பட்டது. 1936-இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் செய்த ஒப்பந்தம், அந்தப் பொறுப்பைக் கப்பல் முதலாளியின் தலையில் வைத்தது. இன்று நடப்பில் இருப்பது 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம். சிங்கப்பூர் 2011-லும் மலேசியா 2013-லும் இதை ஏற்றுக்கொண்டன.

நூறு பேருக்குக் குறையாமல் ஏற்றிக்கொண்டு, மூன்று நாட்களுக்கு மேல் வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பலில் டாக்டர் இருந்தாக வேண்டும். சரக்குக் கப்பலிலோ இருபதுக்குச் சற்று முன்பின்னாகத்தான் ஆட்கள் இருப்பார்கள். ஆகவே டாக்டர் இருப்பதில்லை. அதற்குப் பதிலாக மருந்துப் பெட்டியும், வைத்தியக் கையேடும், பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும். வானொலி அல்லது துணைக்கோள வழியாக, இரவு பகல் எந்நேரமும், கரையிலுள்ள டாக்டரிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். இப்படி உதவுவதற்கென்றே 1935-இல் ரோம் நகரில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. வானொலிப் புகழ் மார்க்கோனிதான் அதன் முதல் தலைவர்.

2020-இல் கோவிட் பரவியபோது, நோயுற்ற கப்பல் தொழிலாளரைக் கரையிறங்கவிடாமல் தடுத்த துறைமுகங்களும் உண்டு. அந்த வேதனையின் பயனாக 2022-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. உடனடி வைத்தியம் தேவைப்படுவோரைத் தாமதமின்றிக் கரையிறக்கி, சிகிச்சை பெற வழிசெய்ய வேண்டும் என்ற விதி 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்தது.

இனிச் செலவு. வேலைக் காலத்தில் வந்த நோய்க்கும் காயத்திற்கும் வைத்தியம், மருந்து, கரையில் தங்குமிடம், சாப்பாடு, வீடு திரும்பும் பயணம் அனைத்தும் முதலாளியின் பொறுப்பு. ஒரு நாட்டின் சட்டம் இப்பொறுப்புக்குக் காலவரம்பு விதிக்கலாம். ஆனால் அது 16 வாரங்களுக்குக் குறையக்கூடாது.

பெற்றோரே, ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வேலைக்குச் சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய்க்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டியதில்லை. “டாக்டரிடம் இழுப்பைப் பற்றிச் சொல்லாதே, வேலை போய்விடும்” என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள், அவன் உரிமையையும் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்கள். வேலை ஒப்பந்தத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுச் சட்டமே கப்பலில் செல்லும்.

இதையெல்லாம் கேட்ட அந்தத் தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அவனுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது ஐயா. டாக்டரிடம் சொல்லச் சொல்கிறேன்” என்றார்.