வெள்ளிநிற பிளாஸ்டிக்கில் கறுப்புக் கோடு விழுவது ஏன்?

இரணியலிலிருந்து திங்கள்சந்தை வழியாகத் தெற்கே சில கிலோமீட்டர் போனால் மணவாளக்குறிச்சி. அங்கே கடற்கரை மணல் கறுத்துக் கிடக்கும். அது இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். இந்தக் கரை உலகத்தின் கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான். இப்போது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இங்கே கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது.

இல்மனைட்டிலிருந்து இரும்பை நீக்கினால் டைட்டானியம் டை ஆக்சைடு கிடைக்கும். வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை தருவது அதுதான். மெல்லிய மைக்கா சில்லுகளின்மேல் அதையே பூசினால் முத்துப் பளபளப்பு வந்துவிடும். பூச்சின் கனம் 40 முதல் 60 நானோமீட்டர் இருந்தால் வெள்ளி நிறம். 60 முதல் 80 என்றால் பொன்னிறம். சாயம் எதுவும் சேர்ப்பதில்லை. பூச்சின் கனமே நிறத்தைத் தீர்மானிக்கிறது. அசல் உலோக மினுக்கு வேண்டும் என்பவர்கள் அலுமினியச் சில்லைச் சேர்ப்பார்கள். மிக்ஸி மூடி, வாஷிங் மெஷின் பேனல், கார் உள்பாகங்கள் பலவற்றில் உலோக நிறம் இப்படித்தான் வருகிறது. பெயின்ட் அடிக்கும் செலவும் அதன் புகையும் மிச்சம் என்பதால், இந்தச் சில்லுகளை மாஸ்டர்பேட்ச் எனும் செறிவான நிறக் குருணையாகப் பிளாஸ்டிக்கில் கலந்து நேரே வார்த்துவிடுகிறார்கள்.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாசலைத் தொழிலில் கேட் என்பார்கள். அங்கிருந்து பரவும்போது சில்லுகள் அச்சின் சுவரோடு சேர்ந்து தட்டையாகப் படுத்துக்கொள்ளும். வழியில் ஒரு திருகுத் துளையோ பட்டன் துளையோ இருந்தால் ஓட்டம் இரண்டாகப் பிரிந்து மறுபக்கத்தில் மோதிச் சேரும். சேருமிடத்தில் சில்லுகள் படுக்காமல் நிமிர்ந்தபடியே உறைந்துவிடும். எவர்சில்வர் தட்டை நேராகப் பார்த்தால் முகம் தெரிகிறது. விளிம்பைத் திருப்பினால் ஒரு கோடுதான் தெரிகிறது. இங்கேயும் அதே கதைதான். கண்ணுக்கு வரவேண்டிய ஒளி வேறு பக்கம் போய்விடுவதால் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது.

இந்தக் கோட்டுக்காக முதலில் திட்டு வாங்குபவர் மெஷின் ஆபரேட்டர். அது நியாயமில்லை. சூட்டையும் வேகத்தையும் கூட்டினால் இணைப்பு பலப்படும், கோடு கொஞ்சம் மங்கும். ஆனால் நிமிர்ந்த சில்லு அதனால் முழுதாகப் படுத்துவிடாது. சூடு அளவு மீறினால் பிளாஸ்டிக் சிதைந்து வாயு கிளம்பும். புதிய கறை விழும். அந்தக் கோடு எங்கே விழும் என்பது அச்சை வடிவமைத்தபோதே முடிவான விஷயம்.

எது எந்தக் குறை என்று பிரித்தறியச் சுலபமான வழி உண்டு. பாகத்தை விளக்கொளியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் கறுத்து, வேறு கோணத்தில் வெளுத்தால் சில்லு நிமிர்ந்ததன் அடையாளம். நகத்தால் வருடும்போது பள்ளம் தட்டுப்பட்டால் இணைப்பே சரியாக உருகிச் சேரவில்லை. சூட்டையும் அழுத்தத்தையும் சரிசெய்வது அங்கே பலன் தரும். கேட்டிலிருந்து விசிறிபோல் வெள்ளிக் கீற்று ஓடினால் குருணையின் ஈரத்தைச் சந்தேகிக்க வேண்டும். வெள்ளி நிறத்தில் வெள்ளிக் கீற்று எளிதில் ஒளிந்துகொள்ளும் என்பதால் இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் குருணையை 80 டிகிரி செல்சியஸில் 2 முதல் 4 மணி நேரமும், பாலிகார்பனேட்டை 120 டிகிரியிலும் உலர்த்தியாக வேண்டும். பாகம் முழுக்கவே சாம்பல் பூத்ததுபோல் மங்கினால் சில்லுகள் நொறுங்கியிருக்கும். பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் ஸ்குரூவின் வேகம், அதற்கு எதிராகக் கொடுக்கும் அழுத்தமான பேக் பிரஷர், கேட்டின் குறுகல், அரைத்துத் திரும்பச் சேர்த்த கழிவு என்று நான்கையும் சோதிக்க வேண்டும்.

கோட்டுக்கு உண்மையான மருந்து கேட்டை இடம் மாற்றுவது. அச்சை 70, 80, 90 சதவீதம் மட்டும் நிரப்பி எடுத்துப் பார்த்தால் ஓட்டங்கள் எங்கே சந்திக்கின்றன என்பது கண்கூடாகத் தெரியும். அந்தச் சந்திப்பை ஸ்டிக்கர் ஒட்டும் இடத்துக்கோ கண்ணில் படாத ஓரத்துக்கோ தள்ளிவிடலாம். பெரிய பாகமானால் கேட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் முறை கைகொடுக்கும். மேற்பரப்புக்குச் சொரசொரப்பு கொடுப்பது, நிறத்தில் சிறிது சாம்பல் கலப்பது, அலுமினியத்துக்குப் பதில் மைக்காவுக்கு மாறுவது எல்லாம் கோட்டை மறைக்கும். மறைக்க மட்டுமே செய்யும்.

ஓட்டத்தைக் கணினியிலேயே முன்கூட்டிப் பார்த்துவிடும் வசதி, சென்னை கிண்டியில் 1968இல் தொடங்கப்பட்ட சிப்பெட் போன்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனங்களில் இருக்கிறது. வெள்ளிநிறப் பாகத்துக்கு ஆர்டர் கொடுக்கும் முதலாளிகளே, அச்சுக்கான எஃகை வெட்டுவதற்கு முன்பே கேட் எங்கே, கோடு எங்கே என்று கேட்டுவிடுங்கள். வெட்டிய பிறகு அதைச் சரிசெய்ய ஆபரேட்டரிடம் கருவி எதுவும் கிடையாது.