மலைச் சைக்கிள்: முதலில் எந்தப் பாகத்தை மாற்றுவது?

வார நாள்களில் வேலைக்குப் போய்வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதே சைக்கிளில் காட்டுப் பாதையிலும் இறங்க வேண்டும். இது நடக்கிற காரியமா? தாராளமாக நடக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். சிக்கல் சைக்கிளை வாங்கும்போது வருவதில்லை. வாங்கி ஆறு மாதம் ஆனபின், "எதையாவது மாற்றினால் இன்னும் நன்றாக ஓடுமே" என்ற ஆசை தலைதூக்கும்போதுதான் வருகிறது. கடைக்குள் நுழைந்தால் பளபளக்கும் முன் போர்க் ஒன்று கண்ணில் படும். கை முதலில் அதை நோக்கித்தான் நீளும். கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது.

புக்கிட் பாஞ்சாங்கில் குடியிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் பக்கத்திலேயே 81 ஹெக்டர் பரப்புள்ள செஸ்நட் இயற்கைப் பூங்கா இருக்கிறது. மலைச் சைக்கிளுக்கென்றே அமைத்த 8.2 கிலோமீட்டர் பாதை அதில் உண்டு. அவருக்கு வேலையோ புவன விஸ்தா பக்கம். 2011-ல் மலாயா ரயில் ஓட்டம் நின்றபின் பசுமைப் பாதையாக மாறிய பழைய தண்டவாள வழியே போய்விடலாம். வாரத்தில் ஐந்து நாள் சமதரை, ஒரு நாள் வேரும் கல்லும் நிறைந்த சரிவு. ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. அங்கே மழையில் நனைந்த வேர், இங்கே சாலைச் சந்திப்பில் திடீரெனத் திரும்பும் லாரி. இரண்டு இடத்திலும் அவரைக் காப்பாற்றுபவை டயரும் பிரேக்கும்தான். எனவே பணமும் அந்த வரிசையில்தான் போக வேண்டும்.

டயரில் தொடங்கலாம். செலவு குறைவு, வித்தியாசமோ ஓட்டிய முதல் நாளே தெரியும். பெரிய முட்டுகள் கொண்ட காட்டு டயர் தார்ச்சாலையில் ரீங்காரமிடும், காலை இழுக்கும், நடுவில் உள்ள முட்டுகள் விரைவில் தேய்ந்துபோகும். வழுவழுப்பான சாலை டயர் ஈரச் செம்மண்ணில் சறுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. நடுப்பகுதியில் தாழ்ந்த, நெருக்கமான முட்டுகளும் ஓரங்களில் உயர்ந்த முட்டுகளும் அதில் இருக்கும். நேரே போகும்போது வேகம் கெடாது, சாய்ந்து திரும்பும்போது ஓர முட்டுகள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

முன்னும் பின்னும் ஒரே டயர் போட வேண்டும் என்ற கட்டாயமில்லை. பின் சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் சறுக்கினால் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே பிடிமானம் மிகுந்த டயர் முன்னால் இருக்கட்டும். உடல் எடையில் பெரும்பங்கைத் தாங்கும் பின் டயர்தான் முதலில் தேயும். அப்போது முன் டயரைப் பின்னுக்கு மாற்றிவிட்டு, புதியதை முன்னால் போடுவதே கெட்டிக்காரத்தனம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வாங்குமுன் பழைய டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள எண்ணைப் படிக்க வேண்டும். 559 என்றிருந்தால் 26 அங்குலச் சக்கரம், 584 என்றால் 27.5, 622 என்றால் 29. காற்றழுத்தமும் பெரிய விஷயம். சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 2.2 அங்குல அகல டயரில் டியூப் போட்டு ஓட்டினால், சாலைக்கு 40 முதல் 45 பிஎஸ்ஐ, காட்டுப் பாதைக்கு 30-ஐ ஒட்டி வைத்துப் பார்க்கலாம். டயரில் குறிப்பிட்டுள்ள எல்லையை மீறக்கூடாது. காற்று மிகவும் குறைந்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். டியூப் இல்லாத முறைக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உள்ளே ஊற்றும் பால் போன்ற திரவம் நம் வெப்பத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றப் பொறுமை இல்லாதவருக்கு டியூப்தான் நிம்மதி.

அடுத்தது பிரேக். மலைச் சைக்கிள் விளையாட்டின் பிறப்பிலேயே பிரேக்கின் கதை இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் வட்டாரத்து இளைஞர்கள் பருத்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைச் சரிவில் ஓட்டிப் பார்த்தார்கள். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பிரேக் அவற்றில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் பின் அச்சுக் கூடு கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'மறுபடி அடைப்பது' என்று பொருள்படும் 'ரீபேக்' என்ற பெயர் அந்தச் சரிவுக்கே வந்துவிட்டது. 1976 அக்டோபர் 21-ல் முதல் ரீபேக் பந்தயம் நடந்தது.

சிங்கப்பூரில் பொதுப் பாதையில் ஓட்டும் சைக்கிளுக்குக் குறைந்தது ஒரு கைப்பிரேக்காவது ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பது 2021 செப்டம்பர் முதல் சட்டம். சட்டத்துக்கு ஒன்று போதும். செஸ்நட் சரிவில் ஒன்று போதாது.

ரிம்மைப் பிடிக்கும் வி பிரேக் உள்ளவர்கள் உடனே டிஸ்க் பிரேக்குக்குத் தாவ வேண்டியதில்லை. நல்ல ரப்பர் கட்டையாகப் பார்த்து மாற்றி, கம்பியையும் அதன் உறையையும் புதுப்பித்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். டிஸ்க்குக்கு மாற வேண்டுமானால் சட்டத்திலும் போர்க்கிலும் அதற்கான பிடிகள் இருக்க வேண்டும், சக்கரத்தின் நடு அச்சும் மாற வேண்டும். அவை இல்லாத சைக்கிளில் இது வீண் முயற்சி.

ஏற்கெனவே டிஸ்க் உள்ளவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது பிரேக் பேட். இதில் இரண்டு வகை. ரெசின் பேட் சத்தமின்றி மென்மையாகப் பிடிக்கும், ஆனால் மழையிலும் சேற்றிலும் வேகமாகக் கரையும். உலோகத் துகள் கலந்த பேட் ஈரத்திலும் நீண்ட சரிவின் சூட்டிலும் தாக்குப்பிடிக்கும், சற்று இரையும். மழை நாளிலும் வேலைக்கு ஓட்டுபவருக்கு உலோகப் பேட் ஏற்றது. ஆனால் விலை மலிவான டிஸ்க் தட்டுகள் பலவற்றில், ரெசின் பேட் மட்டுமே பயன்படுத்தவேண்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் உலோகப் பேட் போட்டால் தட்டு அரிக்கப்பட்டுவிடும்.

புதுப் பேட் போட்ட அன்றே காட்டுக்குப் போகக்கூடாது. ஆளில்லாத இடத்தில் ஓரளவு வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இருபது முறையாவது இப்படிச் செய்தால்தான் பேட்டும் தட்டும் ஒன்றோடொன்று பழகும். செயினுக்குப் போடும் எண்ணெய் தட்டில் தெறித்தாலோ எல்லாம் பாழ்; பிரேக் கத்தும், பிடிக்காது.

எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஷிமானோ பிரேக்குகளுக்குக் கனிம எண்ணெய். ஸ்ராம் பிரேக்குகள் பலவற்றுக்கு டாட் எனப்படும் திரவம். அந்நிறுவனத்தின் சில புது ரகங்களுக்குக் கனிம எண்ணெய். ஒன்றுக்கு ஊற்ற வேண்டியதை மற்றொன்றுக்கு ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் கெட்டு, பிடி நழுவும். என்ன ஊற்ற வேண்டும் என்பது பிரேக் பிடியின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

கியருக்கு வந்தால், 2012-ல் ஸ்ராம் நிறுவனம் முன்னால் ஒரே பல்சக்கரம் கொண்ட தொகுதியை வெளியிட்டதிலிருந்து, மூன்று சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தாழ்வு மனப்பான்மை வந்துவிட்டது. அது தேவையற்றது. ஒற்றைச் சக்கரத்தில் வேகம் கிடைக்காது என்ற பயமும் தேவையற்றது. முன்னால் 32 பல், பின்னால் 11 பல் வைத்து, 26 அங்குலச் சக்கரத்தை நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஏறக்குறைய 29 கிலோமீட்டர் வேகம் வரும். சிங்கப்பூரின் சைக்கிள் பாதைகளில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமோ 25. ஆகவே பழைய கியர் தேயும்வரை ஓட்டுவதும், தேய்ந்தபின் ஒற்றைச் சக்கரத்துக்கு மாறுவதுமே சிக்கனம்.

தேய்ந்ததா என்பதை வீட்டிலேயே ஓர் அடிக்கோலை வைத்து அளக்கலாம். புதுச் செயினில் ஓர் ஊசியின் நடுவிலிருந்து இருபத்து நான்காவது கண்ணியின் ஊசி நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்கும். பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு அங்குலம் கூடிவிட்டால் பின்பக்கப் பல்சக்கரக் கொத்தும் சேர்ந்து போயிருக்கும். மலிவான செயினைத் தள்ளிப்போட்டு விலை உயர்ந்த கொத்தை இழப்பவர்களே அதிகம்.

ஒரு பாகம் மற்றொன்றோடு பொருந்துமா என்பதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. 11 அடுக்கு மலைச் சைக்கிள் கொத்துகள் பல பழைய சக்கரத்திலேயே ஏறும். மிகச் சிறிய சக்கரத்தில் 10 பல் உள்ள 12 அடுக்குக் கொத்துக்குப் பின் அச்சின் உருளையே வேறு. பழைய பின் சக்கரத்தின் அச்சு அகலம் 135 மில்லிமீட்டர், இப்போதைய மலைச் சைக்கிள்கள் பலவற்றில் 148. முன் போர்க்கின் தண்டு முன்பு மேலிருந்து கீழ்வரை 1⅛ அங்குலம். இப்போது விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை கீழே 1½ அங்குலமாக விரிந்திருக்கும். பழைய சட்டங்கள் பலவற்றில் அது நுழையவே நுழையாது. இணையத்தில் மலிவு விலைக்கு வாங்கிவிட்டுக் கடைக்காரரிடம் சண்டை போடுவதைவிட, சைக்கிளையே தள்ளிக்கொண்டுபோய் அளந்து வாங்குவது நல்லது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பெருவிரைவு ரயில் நிலையத்து நிறுத்தத்தில் நாள் முழுதும் நிற்கும் சைக்கிளில் கையால் கழற்றக்கூடிய சக்கரமும் சீட்டும் இருந்தால் மாலையில் சட்டம் மட்டுமே மிஞ்சக்கூடும். கழற்றக் கருவி தேவைப்படும் திருகு அச்சுகள் சில வெள்ளிக்குக் கிடைக்கின்றன. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பின்பக்கம் ஒரு சேறு தடுப்புப் பலகை. இவை அழகைக் கெடுக்கும் என்று ஒதுக்குபவர்கள் ஒரே ஒரு மழை நாளில் அலுவலகச் சட்டையின் முதுகைப் பார்த்தால் மனம் மாறுவார்கள்.

இனி அந்த முன் போர்க். மலிவான சைக்கிளின் சுருள்வில் போர்க் இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது, சாலையில் ஒவ்வொரு மிதிக்கும் தலையாட்டும். காற்றால் இயங்கும் போர்க் எடையைக் குறைக்கும். அதைப் பூட்டிவைக்கும் விசை இருந்தால் சாலையிலும் சுகம். ஆனால் 100 மில்லிமீட்டர் அசைவுக்கு வடிவமைத்த சட்டத்தில் 140 மில்லிமீட்டர் போர்க்கைப் போடுவது புத்திசாலித்தனமல்ல. 20 மில்லிமீட்டர் உயர்ந்தாலே முன்பக்கக் கோணம் ஏறக்குறைய 1 பாகை சாய்ந்துவிடும். ஏற்றத்தில் முன் சக்கரம் நிலைகொள்ளாமல் அலையும், சட்டத்தின் கழுத்துப் பகுதியில் அழுத்தம் ஏறும்.

தனித்தனியாக வாங்கும் பாகங்களின் விலையைக் கூட்டினால், அதே பாகங்கள் பொருத்திய முழுச் சைக்கிளின் விலையைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே வரும். ஆகவே போர்க், சக்கரம், கியர் மூன்றையும் மாற்றும் எண்ணம் வந்துவிட்டால் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை புதுச் சைக்கிளின் பாதி விலையைத் தாண்டினால் புதியதையே காட்டுக்கு வாங்கிக்கொள்ளலாம். பழையதில் சாலை டயரும் சேறு தடுப்பும் மாட்டி, ரயில் நிலையத்து நிறுத்தத்தில் பயமின்றி விட்டுவிட்டுப் போகலாம்.