சுவர்க்கப் பெயர் பூண்ட சுதேசக் கல்

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வெட்டியெடுக்கப்படும் ஒரு கல்லுக்கு வியாபாரிகள் இட்ட பெயர் ‘பாரடைஸோ’. இத்தாலிய பாஷையில் சுவர்க்கம் என்று அர்த்தம். இளஞ்சிவப்பும் ஊதாவும் சாம்பல் வர்ணமும் பட்டுச்சேலை மடிப்பைப்போல் நெளிந்தோடும் அழகைக் கண்டால் பெயர் பொருந்தாதென்று சொல்ல மனம் வராது. ஆனால் அதையே ‘கிரானைட்’ என்றும் விற்கிறார்களே, அதுதான் பிசகு!

கிரானைட், பூமிக்குள் உருகிய குழம்பு மெள்ள ஆறி உறைந்த கல். நம் கல்லோ உருமாறிய பாறை. ஆழத்தில் அளவிறந்த உஷ்ணமும் அமுக்கமும் தாக்கப் பழம்பாறை பாதி உருகிற்று. உருகிய பாகம் வெளிறிய வரிகளாயிற்று. உருகாதது கறுத்த வரிகளாய் நின்றது. இரண்டும் பிசைந்த மாவைப்போல் மடிந்து இறுகின. மாதுளை முத்தை ஒத்த கார்னெட் மணிகள் இடையிடையே தென்படுவதும் உண்டு. இத்தகைய கலப்புப் பாறைக்கு 1907-ல் ‘மிக்மடைட்’ என்று பெயரிட்டவர் பின்லாந்து தேசத்து நிபுணர் சேடர்ஹோம்.

வாங்குவோர் பரீட்சிப்பது சுலபம். பேனாக்கத்தியால் கீறினால் பளிங்கில் தழும்பு விழும். இதில் பெரும்பாலும் விழாது. எலுமிச்சஞ்சாறு பட்டால் பளிங்கின் மெருகு கெடும், இது அசையாது. சமையலறைக்கு எது ஏற்றதென்று கிருகலக்ஷ்மிகளுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. வரிகள் பலகையின் விளிம்பிலும் தொடர்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மேற்பூச்சானால் அங்கே அகப்பட்டுக்கொள்ளும்.

நம் கல்லுக்கு அந்நியப் பெயர் புதிதல்ல. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் பரவிக் கிடக்கும் நீலச்சாம்பல் பாறையைப் பாருங்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி ஏஜெண்டின் கல்லறைமேல் அந்த ஜாதிக் கல்லைக் கண்ட ஹாலந்து என்னும் நிபுணர், 1893-ல் அதற்குச் ‘சார்னகைட்’ என்று பெயர் வைத்துவிட்டார்.