மரவாழைக்குத் தொட்டி மாற்றுதல்

மேனாட்டார் ஆர்க்கிட் என்று கூறும் செடியினத்தைக் கேரள நாட்டார் மரவாழ என வழங்குவர். அச்சொல் நமக்கும் அயலன்று. ஆதலின் இக்கட்டுரையில் மரவாழை என்றே குறிப்பாம். உலகில் இவ்வினத்தைச் சேர்ந்த செடிவகைகள் 25,000-க்கு மேற்பட்டன என்பர் தாவர நூலார். பாயசத்திலும் பனிக்கூழிலும் மணம் ஊட்டும் வனிலாவும் இக்குடும்பத்ததே. எனினும் யாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தது அப்பெருங் குடும்பத்தின் வரலாறன்று. கொல்லிமலையின் அரியூர் நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்த ஒரே ஒரு சிறு செடியின் செய்தியாம்.

சென்ற கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு எம் தங்கை தன் உண்டியற் காசைக்கொண்டு இரண்டு பூஞ்செடிகளை வாங்கி, மலைமேல் வாழும் எம் அம்மாயிக்குப் பரிசாகக் கொணர்ந்தாள். அவை பலெனாப்ஸிஸ் என்னும் வகையின. விட்டிற்பூச்சி போன்றது என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். 1825-ல் புளூமே என்னும் தாவர அறிஞர் அப்பெயரை இட்டார். ஜாவா, பிலிப்பைன் முதலிய வெப்பத் தீவுகளின் காடுகளில் மரக்கிளைகளிற் பற்றி வாழும் செடிகளைக் கலந்து, சாண் உயரத்துக்கு மிகாதபடி உண்டாக்கிய குறுவகை அது. ஐந்தாறு தடித்த இலைகளும், வளைந்த காம்பில் வெண்ணிறப் பூக்களுமாக இரண்டும் கண்ணைக் கவர்ந்தன.

ஒரு திங்களில் அவற்றுள் ஒன்றை யாமே கொன்றோம். தோட்டக்கலை அறிந்தாரைப் போல, கடைக்காரர் தந்த சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தை இகழ்ந்து, பெரிய மண்தொட்டியில் செம்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி, அதில் அச்செடியை ஊன்றி, நாள்தோறும் காலையும் மாலையும் நீர் வார்த்தோம். முதலில் அடியிலைகள் மஞ்சளித்தன. பின்னர்க் குருத்து கருகியது. பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் ஊறிய பழத்தோல் போலக் குழைந்து கையோடு வந்தன. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

எஞ்சிய செடியும் நலமாயில்லை. இலைகள் துவண்டு சுருங்கின. நீர் போதாதென்று கருதி மேலும் நீர் விடப் போனபோது, அம்மாயி எம்மைக் கொல்லைப் பலாமரத்தடிக்கு அழைத்துச் சென்றார். அம்மரத்தின் கவைகளில் காட்டு மரவாழைகள் சில பற்றியிருந்தன. அவற்றைப் புல்லுருவி என்றெண்ணி, மரத்துக்குக் கேடென்று சுரண்டி எறியுமாறு முந்திய ஆண்டு அவரிடம் சொன்னவர் யாமே. அவர் அப்போது கேட்டிலர், இப்போது, “புல்லுருவி மரத்தைத் தின்னும் கண்ணு, இது மரத்து மேல குந்தியிருக்கும், அவ்வளவுதான். வேருக்குக் காத்து வேணும்” என்றார். கல்லூரியில் தாவர நூல் பயிலும் நண்பரொருவரைப் பின்னர் உசாவியபோது, அவர் கூறியதும் அதுவே. புல்லுருவி தன் உறிஞ்சுறுப்பை மரத்தின் உட்செலுத்தி அதன் சாற்றைக் கவர்வது. மரவாழையோ பட்டையைப் பற்றிக்கொண்டு, மழைநீரையும் பனியையும், பட்டைப் பிளவுகளில் தங்கும் மக்கிய தூளின் சத்தையும் கொண்டு பிழைப்பது. இவ்வேறுபாட்டை மறந்தவர் யாம் மட்டுமல்லர். தென்னாட்டு மாமரங்களிலும் காணப்படும் வாண்டா என்னும் மரவாழையின் பெயர், ஒட்டுண்ணிச் செடியைக் குறிக்கும் வந்தா என்னும் வடசொல்லின் வழிவந்தது. பழி பெயரிலேயே நிலைத்துவிட்டது.

மரத்தில் தொங்கும் அவ்வேர்களை அருகே நின்று நோக்கினோம். உலர்ந்தபோது அவை வெள்ளி போல் வெளுத்திருக்கின்றன. நீர் தெளித்த சில நொடிகளில் பசுமை பாரிக்கின்றன. வேரைச் சுற்றி, உயிரற்ற வெறுங்கண்ணறைகளாலாய கடற்பஞ்சு போன்றதோர் உறையுண்டு. அது மழை வந்தவுடன் நீரை விரைந்து உறிஞ்சிக் கொள்வது. நனைந்தபோது ஒளியை உள்ளே விடுவதால் உள்ளிருக்கும் பச்சையம் புறத்தே தோன்றுகிறது. இலையைப்போல் வேரும் சிறிது உணவு சமைக்கும் என்பது இதனாற் புலனாம். இத்தகைய வேரை மண்ணில் புதைத்து, ஓயாமல் நனைத்தால், அவ்வுறை நீர் நிறைந்தபடியே நின்று, காற்று நுழைய இடமின்றி, வேர் மூச்சடைத்து அழுகும். வேர் அழுகிய செடிக்கு நீர் உண்ணும் வாயில்லை. எனவே நீரின் நடுவே நின்றும் இலை வாடுகிறது. அவ்வாட்டத்தைக் கண்டு மேலும் நீர் விடுவதே எம்மைப் போன்றார் செய்யும் பெரும் பிழை.

வாழவந்தி நாட்டில் ஊழியஞ் செய்து 1929-ல் காய்ச்சலால் மரித்த ஜெஸி பிராண்டு என்னும் போதகர், இம்மலையின் சிற்றுயிர்களைக் காட்டித் தம் மகனாருக்குக் கற்பித்தார் என்பர். வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் செப்பனிட்ட மருத்துவர் பால் பிராண்டே அம்மகனார். காட்டுப் புஷ்பங்களைக் கவனிக்குமாறு நம் ஆண்டவர் சொன்னதை எத்தனையோ முறை கோயிலில் கேட்டிருந்தும், யாம் கவனிக்கக் கற்றது அம்மாயியின் பலாமரத்தடியிலேதான்.

இனித் தொட்டி மாற்றிய முறையைச் சொல்வாம். பூக்கள் உதிர்ந்தபின், அடித்தண்டிலிருந்து பசிய நுனியுடன் புதுவேர் தலைகாட்டும் பருவமே இதற்கு ஏற்றது. மார்கழி, தை மாதங்களின் மலைக்குளிரில் செடி உறங்கினாற்போலிருக்கும், அப்போது தொடலாகாது. யாம் பங்குனி இறுதியிற் செய்தோம். ஒரு நாழிகை முன்னதாக வேர்களை நனைத்துவிட்டால் அவை வளைந்து கொடுக்கும். உலர்ந்த வேர் ஒடியும். கிண்ணத்தினின்று எடுத்தபோது, மேலே உலர்ந்து தோன்றிய பாசியின் நடுவில் ஓர் இறுகிய உருண்டை ஈரஞ் சொட்ட இருந்தது. நாற்றங்காலில் இளஞ்செடியை வைத்தபோதிட்ட பாசி அது. பெரும்பாலும் அழுகல் அங்கே தொடங்குகிறது. அதை விரலாற் சிறிது சிறிதாகப் பிரித்தெடுத்தோம்.

வேர்களுள் உயிருள்ளது இன்னது, செத்தது இன்னது என்றறிவது எளிது. விரலால் அழுத்தும்போது திண்ணென்றிருப்பது உயிர்வேர்; அது வெண்மையாயினும் பசுமையாயினும், பாசிக்குள் இருந்து பழுப்பேறினும் கவலையில்லை. அழுத்தினால் நீர் கசிந்து, உறை கழன்று, உள்ளே நூல் மட்டும் எஞ்சுவது செத்த வேர். செத்தவற்றைக் கத்தரியால் நறுக்கிவிட வேண்டும். கத்தரியை முன்னரே நெருப்பிற் காய்ச்சுதல் இன்றியமையாதது. ஒரு செடியின் நோய் அதன் வாயிலாக மற்றொன்றுக்குச் செல்லும். எம் செடியில் பதினான்கு வேர்களுள் ஐந்தே தேறின. அவ்வைந்தைக் கண்டபோது தங்கையின் முகம் மலர்ந்தது.

மேனாட்டு நூல்கள் ஊசியிலை மரத்தின் பட்டைத் துண்டுகளை இடச் சொல்கின்றன. அதைத் தேடி அலைய வேண்டுவதில்லை. அடுப்புக்கரித் துண்டு, உடைந்த ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகிய மூன்றும் போதும். ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும், தூளாயின் காற்றை அடைக்கும். மட்டையில் உப்பும் துவர்ப்பும் உண்டாதலின், ஐந்தாறு நாள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்தோம். தொட்டி மட்கலமாய், பக்கங்களிலும் துளையுடையதாய் இருத்தல் நன்று. அதன் அளவு வேர்த்தொகுதியினும் ஒரு விரல் அகலம் மிகுந்தாற் போதும். பெரிய வீடு கொடுத்தால் செடி மகிழும் என்று நினைப்பது மனிதர் தம்மைக்கொண்டு செடியை அளப்பது. வேர் எட்டாத இடத்து ஈரம் தங்கி அழுகலை வளர்க்கும்.

அடியில் ஓட்டுச்சில் பரப்பி, செடியை ஒரு கையால் தாங்கி, வேர்களினிடையே துண்டுகளைத் தளர்வாக இட்டோம். அடியிலைகள் துண்டுகளுக்கு மேலே நிற்க வேண்டும். தண்டு புதைந்தால் அழுகும். குருத்தில் நீர் தேங்காதபடி செடியைச் சற்றே சாய்த்து, ஆடாதிருக்க ஒரு மூங்கிற் குச்சியோடு கட்டினோம். வெளியே நீளும் வேர்களை வலிந்து உள்ளே திணிக்கலாகாது. டெண்ட்ரோபியம் போன்று பக்கவாட்டில் தண்டு தண்டாகப் பெருகும் வகையாயின், பழந்தண்டைத் தொட்டியின் விளிம்போடு ஒட்டிவைத்து, புதுத்தண்டின் முன்னே இடம் விடுவது முறை.

வெட்டுவாய் ஆறும்வரை நான்கு நாள் நீர் விடவில்லை. இந்நான்கு நாளும் எம் கையைக் கட்டிவைப்பதே தங்கைக்கு வேலையாயிற்று. பின்னர் நாட்கணக்கை விட்டு வேரின் நிறத்தையே கணக்காகக் கொண்டோம்: வெள்ளியாயின் நீர், பசுமையாயின் பொறுமை. காலையிற் கிழக்குத் திண்ணையில் இளவெயில் படும். உச்சிவெயில் இலையைச் சுடும். உரம் புதுவேர் கண்டபின்னரே, அதுவும் மிக நீர்த்ததாய். மட்டை ஈராண்டில் நைந்துபோம். அப்போது மறுபடியும் மாற்ற வேண்டும்.

எம் அண்டைவீட்டுச் சிறுவனொருவன், கடைச்செடிக்குப் படும் இப்பாட்டைக் கண்டு, காட்டிலிருந்து பத்துச் செடி உரித்துத் தருவதாகச் சொன்னான். அம்மாயி தடுத்துவிட்டார். அவர் தடுத்ததற்குத் தாவர நூலிலும் காரணமுண்டு. மரவாழையின் விதை தூசியினும் நுண்ணியது. அதனுள் முளைக்கு வேண்டிய உணவில்லை. தக்கதொரு பூஞ்சை வந்து ஊட்டினாலன்றிக் காட்டில் அது முளையாது என்பதை 1899-ல் நோயல் பெர்னார் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டார். பூஞ்சைக்கு மாறாகச் சர்க்கரை கலந்த கூழில் முளைப்பிக்கலாம் என 1922-ல் அமெரிக்கராகிய நட்ஸன் காட்டினார். 1960-ல் மொரெல் என்பார் குருத்துத் திசுவிலிருந்தே செடிகளைப் பெருக்கும் வழி கண்டார். கடைச்செடி இன்று எளிதிற் கிடைப்பது இவ்வழிகளால். பலாமரத்துச் செடிக்கோ பழைய அருமையே. 1975-ல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கை மரவாழையினம் முழுவதன் நாடுகடந்த வாணிகத்தையும் கட்டுப்படுத்துகிறது. சேர்வராயன் மலையின் ஏற்காட்டில் இந்தியத் தாவர ஆய்வகத்தார் மரவாழைத் தோட்டமொன்று வைத்துள்ளனர். காட்டுவகைகளைக் காண விரும்புவோர் அங்கே செல்லலாம்.

வைகாசி விடுமுறையில் யாம் மலையேறியபோது, துவண்ட இலைகளுள் இரண்டு நிமிர்ந்திருந்தன, மற்றொன்று உதிர்ந்திருந்தது. அடித்தண்டில், பச்சை மிளகு அளவாய், ஒரு புதிய வேர்நுனி கரித்துண்டொன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. பூக்காம்பு எழுவதற்கு இரவுகள் குளிர வேண்டும். ஐப்பசிக்கு முன் எதிர்பார்ப்பதற்கில்லை. தங்கை கேட்கும்போதெல்லாம் அம்மாயி வேரின் நிறத்தைக் கைப்பேசியிற் சொல்லி வருகிறார்.