ஒரு வயிற்றில் இரண்டு வயது

தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணம் வாங்க, தாய்க்கு 19 வயதாகியிருக்க வேண்டும். பதினெட்டில் பெற்றவளுக்கு அந்தப் பணம் கிடையாது. உதவி அதிகம் தேவைப்படுகிறவளே விடுபட்டுப்போகிற விதி இது என்பது என் கட்சி. உலக சுகாதார நிறுவனமோ 19-ஐயும் சேர்த்தே வளரிளம் பருவம் என்கிறது. சென்னையின் மயிலாப்பூர், தி.நகர் ஃபிளாட்டுகளில் கணக்கே வேறு. 24 வயதுப் பெண்ணுக்குச் சீமந்தம் என்றால் "அதுக்குள்ளயா?" என்பார்கள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இதே தெருக்களில் 24 என்பது காலம் கடந்த வயது. 1886-ல் மயிலாப்பூரில் பிறந்து, பின்னாளில் விதவைகளின் கல்விக்காக உழைத்த சகோதரி சுப்பலட்சுமி பதினொரு வயதுவாக்கிலேயே கணவரை இழந்தவர். அதே ஆண்டு பிறந்த, அந்தத் திட்டத்துக்குப் பெயர் தந்த முத்துலட்சுமி, டாக்டருக்குப் படித்து முடித்து, 1914-ல் 28 வயதுவாக்கில்தான் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் காலத்துக்கு அது ஊர் வாய்க்கு அவல். பெண்ணின் கல்யாண வயதைச் சாரதா சட்டம் 1929-ல் 14 என்று வைத்தது, 1949-ல் 15 ஆனது, 1978-ல் 18.

சட்டம் ஏறியது. உடம்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு கணக்குகள் ஓடுகின்றன.

ஒன்று எலும்பின் கணக்கு. பெண் பூப்பெய்திய கொஞ்ச காலத்தில் உயரம் நின்றுவிடும், இடுப்பெலும்பு நிற்காது. குழந்தை வெளிவரும் பாதை அதன் பிறகும் பல வருஷம் விரிகிறது. 25-லிருந்து 30 வயதுக்குள்தான் அது மிக அகலமாகிறது, 40-க்கு மேல் மறுபடி குறுகுகிறது என்று சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பிரசவத்தில் குழந்தையின் தலை சிக்கிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். ஜன்னியும் கிருமித் தொற்றும் இருபது தாண்டியவர்களைவிட அவளுக்கு அதிகம்.

முட்டையின் கணக்கு இதற்கு நேர்மாறு. பெண் சிசு அம்மா வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது அதன் சினைப்பையில் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது பத்திருபது லட்சம். பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம். புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. மாடவீதியில் மகள் வயிற்றுப் பேத்தியை இடுப்பில் தூக்கிப் போகும் பாட்டி, அந்தப் பேத்தி உருவான முட்டையை ஏற்கெனவே ஒருமுறை சுமந்தவர், மகளைச் சுமந்தபோது!

அந்த முட்டை பாதிப் பிரிவில் அப்படியே நின்றுவிடும். அதன் குரோமோசோம்களைக் கொஹீசின் என்ற வளையப் புரதம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அம்மா பிறக்கும் முன்பே மாட்டிய வளையம். பழைய காகிதக் கட்டைச் சுற்றிய ரப்பர் பேண்டைப் போல வருஷம் போகப் போகத் தளரும். தளர்ந்தால் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாது, ஒன்று கூடவோ குறையவோ செய்யும். 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடினால் டவுன் நோய்க்குறி. 20 வயதுத் தாய்க்கு அது ஏறக்குறைய 1500 பிரசவத்தில் ஒன்று. 35-ல் 350-க்கு ஒன்று. 40-ல் நூற்றுக்கு ஒன்று.

முதல் பிரசவத்துக்கு 35 தாண்டி வந்தால் கேஸ் ஷீட்டில் 'எல்டர்லி பிரைமி' என்று எழுதும் வழக்கம் உண்டு. அந்த 35 இயற்கை கிழித்த கோடு அல்ல. பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பதில் கரு கலையும் வாய்ப்பும், கருவில் குரோமோசோம் கோளாறு இருக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய சமமாகிற வயது என்று 1970-களில் மருத்துவர்கள் இந்தச் சோதனைக்கும் அதையே எல்லையாகப் பிடித்துக்கொண்டார்கள். 34 முடிந்து பிறந்தநாள் கொண்டாடிய மறுநாள் எதுவும் மாறிவிடுவதில்லை.

உடம்பின் கணக்கையும் முட்டையின் கணக்கையும் பிரித்து எழுதியிருப்பது, யாரும் எதிர்பார்க்காத இடத்தில், ஒரு சட்டம். செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021 சட்டப்படி, சிகிச்சை பெறும் பெண் ஐம்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் முட்டை தானம் கொடுப்பவர் 23-லிருந்து 35-க்குள் இருக்க வேண்டும். தி.நகரில் ஏதோ ஒரு கருத்தரிப்பு மையத்தில், 25 வயதுக்காரியின் முட்டையால் 45 வயதில் கருவுற்ற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பிள்ளைக்கு டவுன் வாய்ப்பு 25 வயதுக்குரியது. ரத்தக்கொதிப்பும் கர்ப்பகால சர்க்கரையும் வரும் வாய்ப்பு 45 வயதுக்குரியது.